தோட்டம் செய்கிற வீடு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில், நீர்வேலியில் எங்களுக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. ஐயா (அப்பா), அம்மா, நான், இவர் (என் கணவர்), இரண்டு பிள்ளைகள், ஒரு பசு, ஒரு கன்று. அண்ணா கனடாவில். அண்ணாவின் நண்பர்கள், ஒன்றுவிட்ட சகோதரங்கள், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வட்ஸ்அப்பில் தோட்டத்தைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். பாதிப்பேர் நாங்கள் சொர்க்கத்தில் இருக்கிறோம் என்று நினைக்கிறார்கள், மற்றப் பாதிப்பேர் நாங்கள் பட்டினி கிடக்கிறோம் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு போட்டு அலுத்துவிட்டது. அதனால் ஒரே தரமாக எழுதிவிடுகிறேன்.

எவ்வளவு காணி? பரப்பு என்கிறீர்களே, அது எவ்வளவு?

16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச். எங்களுக்குத் தோட்டக்காணி 12 பரப்பு, கோப்பாய்ப் பக்கம் வயல் 8 பரப்பு, ஆக மொத்தம் ஒன்றேகால் ஏக்கர். காணொளியில் காட்டியபோது பெரியம்மாவின் மகன் "இது எங்கட வீட்டுப் பின்வளவு மாதிரியெல்லோ" என்று சிரித்தார். சிரிக்கட்டும். அந்தப் பின்வளவைக் கையால் கொத்திச் சாறித் தண்ணீர் கட்டிப் பார்த்தால்தான் 12 பரப்பின் நீளம் விளங்கும். அதுவும் ஒரே துண்டு இல்லை. வீட்டோடு 7 பரப்பு, சைக்கிளில் நாலு நிமிஷம் போனால் இன்னொரு 5 பரப்பு. அந்த இரண்டாவது துண்டுக்கு மின்சாரம் இல்லை, கிணறும் பங்குக் கிணறு. அதன் கதை கீழே வரும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

இறைப்பு நாளா, சந்தை நாளா, சும்மா நாளா என்பதைப் பொறுத்தது. சும்மா நாள் என்பது புல்லுப் பிடுங்குகிற நாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இறைப்பு நாளில் நாலரைக்கு எழும்ப வேண்டும். ஐயா எனக்கு முந்தி எழும்பி மோட்டரைப் போட்டிருப்பார். தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடும், நான் மண்வெட்டியோடு பாத்தியடியில் நிற்பேன். ஒரு பாத்தி நிரம்பினால் அதன் வாயை ஒரு வெட்டு மண்ணால் மூடி, அடுத்த பாத்தியின் வாயைத் திறக்க வேண்டும். தண்ணி மாறுவது என்று இதைத்தான் சொல்வது. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் பாத்தியின் மூலை நனைந்ததா என்று அந்த இருட்டில் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, காய்ந்த செம்மண் தண்ணீரைக் குடிக்கும்போது மெல்லிதாக ஒரு சத்தம் வரும், அது நின்றால் தண்ணீர் போதும் என்று அர்த்தம். ஐயா எனக்கு அப்படித்தான் பழக்கினார். ஒருநாள் இதற்கு நடுவில் அண்ணாவின் அழைப்பை எடுத்துக் கதைத்துக்கொண்டு நின்றேன், வரம்பு உடைத்து அரைமணித்தியாலத் தண்ணீர் ஒழுங்கைக்குப் போனது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயம்.

ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளை எழுப்புவது, மாடு, சாப்பாடு. இவர் பள்ளிக்கூட வான் ஓடப் போய்விடுவார். பத்து மணிக்கு அம்மா பிளேன்டீயும் பனங்கட்டியும் கொண்டு வருவார். பதினொரு மணிக்குப் பிறகு வெயிலில் நிற்க ஏலாது. பின்னேரம் நாலு மணிக்குத் திரும்ப இறங்கினால் இருட்டும்வரை.

யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகத்தான் எழுதுவேன், கோபிக்க வேண்டாம்.

பெயருக்கு வழுக்கையாறு இருக்கிறது, அதிலும் மாரியில் மட்டும்தான் தண்ணீர். மற்றபடி எல்லாம் கிணறுதான். எங்கள் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணக்கல். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை பெய்கிற மழைதான் எங்கள் வருஷ வருமானம், அது இந்தக் கல்லின் ஓட்டை உடைசல்களுக்குள்ளால் இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. சுற்றிவரக் கடல் என்பதால் அடியில் உவர்த்தண்ணீர். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, ஆகவே உவரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கிற நிலாவரைக் கிணற்றைப் பார்க்க வருகிறவர்கள் "அடியே இல்லாத கிணறாம்" என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் உண்மையில் பார்க்க வேண்டியது மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் ஒரே கிணற்றில் இருப்பதைத்தான்.

கடல்மட்டத்துக்கு மேலே நிற்கிற நல்ல தண்ணீர் 1 அடி இறங்கினால், அடியில் உவர் 40 அடி வரை மேலேறலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. இதை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஐயா படிக்காமலே ஒரு விதி வைத்திருக்கிறார்: கிணற்றில் ஊற்றுக்கண் வெளியே தெரிந்தால் மோட்டரை நிறுத்து, பாத்தி பாதி நனைந்திருந்தாலும் நிறுத்து. வைகாசி, ஆனியில் ஒவ்வொரு இறைப்புக்கும் முதல் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பார். துலா மிதித்த காலத்தில் இந்த விதி தேவைப்படவில்லை, ஏனென்றால் துலாவில் ஒரு மனிதன் நடந்து நடந்து பட்டையால் அள்ளுகிற தண்ணீருக்கு ஒரு அளவு இருக்கிறது, கால் உளைந்தால் இறைப்பு நிற்கும். மெசினுக்குக் கால் உளையாது.

சிலர் குழாய்க்கிணறு அடித்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்கிறார்கள். முடியும்தான், வேறு மாதிரி. ஆழமாக அடித்து உவரை இழுத்தெடுத்த காணிகளில் தென்னைகூட முகம் கறுத்து நிற்கிறதைப் பார்த்திருக்கிறேன்.

பங்குக் கிணறு என்றால் என்ன? சண்டை வராதா?

வரும். எங்கள் இரண்டாவது துண்டின் உறுதியில் (காணிப் பத்திரத்தில்) கிணற்றில் 8 இல் 3 பங்கு, வாய்க்கால் வழி, போக்குவரத்து வழி என்று எழுதியிருக்கிறது. அதனால் திங்களும் வியாழனும் எங்கள் முறை. மழைக்காலத்தில் எல்லோரும் பங்காளிகள், ஆனி, ஆடியில் எல்லோரும் வழக்காளிகள். ஒருமுறை பக்கத்துக் காணிக்காரர் எங்கள் முறையில் ஒரு மணித்தியாலம் கூடுதலாக இறைத்துவிட்டார் என்று நான் கதைக்கப் போனேன். அவர் 2009 இல் இவர் ஒருநாள் கூடுதலாக இறைத்த கதையை எடுத்தார். திகதியோடு சொன்னார். பேசாமல் திரும்பி வந்தேன்.

ஒரு வருஷத்தில் என்னென்ன நடுவீர்கள்?

வயலில் நெல். ஆவணி, புரட்டாதியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது, தை, மாசியில் வெட்டுவது. வீட்டுச் சாப்பாட்டுக்குத்தான், விற்க மிஞ்சுவது குறைவு. தோட்டத்தில் மாரி மழை ஓய்ந்த பிறகு சின்ன வெங்காயம், நட்டு இரண்டு, இரண்டரை மாதத்தில் கிண்டலாம். கார்த்திகை, மார்கழிக் குளிரை நம்பிக் கொஞ்சம் உருளைக்கிழங்கு. பிறகு கத்தரி, பயற்றங்காய், மிளகாய், கொஞ்சம் மரவள்ளி. வருஷம் முழுக்க நிற்பது வாழை: கதலி, இதரை, கப்பல். வேலியோரம் முருங்கை. ஐயா முந்திப் புகையிலை செய்தவர், நான் பொறுப்பெடுத்ததும் விட்டுவிட்டோம். அவருக்கு அதில் இன்னும் என்மேல் ஒரு மனக்குறை.

இத்தனை வகை ஏன், ஒன்றைப் பெரிதாகச் செய்தால் என்ன என்று படித்த ஆட்கள் கேட்பார்கள். அடுத்த பதிலைப் படியுங்கள்.

வெங்காயத்தில் நல்ல காசாமே?

நல்ல காசுதான், வந்தால். 1970 தொடக்கம் 1977 வரை வெங்காயம், மிளகாய், கிழங்கு இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியிருந்தது. அப்போது ஐயா இளந்தாரி. எங்கள் வீட்டின் முன்பக்கக் கல் அறைகள் இரண்டும் அந்தக் காலத்து மிளகாய்க் காசில் கட்டியவை, அம்மா இப்பவும் அதை "மிளகாய் அறை" என்றுதான் சொல்வார். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது, பிற நாட்டுச் சாமான் இறங்கியது, வீட்டின் பின்பக்கம் நீண்ட காலம் ஓலையிலேயே இருந்தது. ஒரே வீட்டில் முன்னுக்கு ஏற்றம், பின்னுக்கு இறக்கம். இப்பவும் கதை அதுதான். எங்கள் வெங்காயம் மண்ணுக்கு வெளியே வருகிற வாரமும் கப்பலில் வெங்காயம் வந்திறங்குகிற வாரமும் ஒன்றாக வந்தால் விலை விழும்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். 2020 இல் விலை நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். வழக்கமாக 2 பரப்பில் போடுகிற வெங்காயத்தை 5 பரப்பில் போட முடிவெடுத்தேன். ஐயா வேண்டாம் என்றார், மழை இன்னும் முடியவில்லை என்றார். விதை வெங்காயம் வாங்க அம்மாவின் இரட்டைப்பட்டுச் சங்கிலியை வங்கியில் வைத்தோம். யாழ்ப்பாணத்தில் பாதித் தோட்டம் நகைமேல்தான் நடக்கிறது, இதை வெளியில் ஒருவரும் சொல்வதில்லை. கார்த்திகைத் தொடக்கத்தில் நட்டு முடித்தோம். மார்கழி பிறக்க முதல் புரெவிப் புயல் வந்தது. காற்று எங்களை ஒன்றும் செய்யவில்லை, மழைதான். நாள்கணக்கில் விடவில்லை. செம்மண் எவ்வளவு தண்ணீரையும் குடிக்கும் என்று சொல்லுவார்கள், அது குடித்து முடித்துவிட்டது. பாத்தியும் வாய்க்காலும் ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்றது, வெங்காயத் தாள் நுனி மட்டும் மேலே தெரிந்தது. நான் முழங்காலளவு நனைந்துகொண்டு வரம்பை வெட்டி விட்டேன், விட்ட தண்ணீர் போக இடமில்லை, பக்கத்துக் காணியும் அதே நிலை. நாலு நாள் கழித்து ஒரு வெங்காயச் செடியைப் பிடித்து இழுத்தேன். தாள் கையோடு வந்தது, கிழங்கு வரவில்லை. மணத்தில் தெரிந்துவிட்டது. வெங்காயம் அழுகிற மணம் உடுப்பில் மூன்று நாள் நிற்கும்.

சங்கிலியை மீட்கப் பதினான்கு மாதம் பிடித்தது. மீட்டது வெங்காயம் இல்லை. வாழைக்குலையும் பயற்றங்காயும் முருங்கையிலையும்தான். ஐயா கணக்கு எழுதுகிற சீஆர் கொப்பியில் அந்தப் பதினான்கு மாதமும் இருக்கிறது: "கதலி 3 குலை", "பயற்றங்காய் 11 கிலோ", "முருங்கை இலை 20 கட்டு" என்று ஒவ்வொரு வரி. அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகு ஒரே பயிரில் பெரிதாகக் கை வைக்க எனக்குத் துணிவில்லை. விலையும் மழையும் என் கையில் இல்லை, எத்தனை பரப்பில் எதைப் போடுவது என்பது மட்டும்தான் என் கையில். அண்ணா காசு அனுப்புகிறேன் என்றார். வேண்டாம் என்று சொன்னது வீம்பில்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சந்தையில் என்ன விலை கொடுக்கிறார்கள்?

விலையை விடுங்கள், முதலில் நிறையைக் கேளுங்கள். எங்கள் ஊர்ச் சந்தைகளில் கழிவு என்று ஒரு வழக்கம். 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோவைக் கழித்துவிட்டு 90 கிலோவுக்குக் காசு. பழுதுக்கும் நிறைக்குறைவுக்கும் என்று எப்போதோ தொடங்கியதாம். பழுதே இல்லாத கத்தரிக்காய்க்கும் அதே கழிவு. நான் ஒருநாள் வீட்டில் தராசில் போட்டு 52 கிலோ என்று எழுதிக்கொண்டு போனேன், வியாபாரி தந்த துண்டில் 46 என்று வந்தது. கேட்டேன். "தங்கச்சி, பிடிக்காட்டி கொண்டு போங்கோ" என்றார். காலை ஏழு மணிக்கு 52 கிலோ கத்தரிக்காயை எங்கே கொண்டுபோவது? தந்த காசை வாங்கினேன். கூட்டங்களில் இதை நிறுத்தச் சொல்லிக் கதைக்கிறார்கள், சில நாள் நிற்கிறது, பிறகு வேறு பெயரில் வருகிறது.

இதற்கு நான் கண்ட சின்ன வழி, கொஞ்ச மரக்கறியைச் சந்தைக்கு அனுப்பாமல் வட்ஸ்அப் குழுவில் போட்டு நேரே வீடுகளுக்குக் கொடுப்பது. நாற்பது வீடு வரை இருக்கிறது. இவர் வானில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் வழியில் பைகளையும் கொடுத்துவிடுவார். எல்லாவற்றையும் இப்படி விற்க முடியாது. ஒரு வீடு வாரத்துக்கு எத்தனை கத்தரிக்காய் தின்னும்?

2021 இல் உரத்தை நிறுத்தினார்களே, அப்போது என்ன செய்தீர்கள்?

2021 மே மாதம் இரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில்தான் எங்கள் வயல் விதைப்பு. நெல் முளைத்து மஞ்சளாக நின்றது. பத்து மூடை வருகிற துண்டில் ஐந்தரை வந்தது. தோட்டத்துக்கு அவ்வளவு அடி இல்லை, எங்களிடம் மாடு இருந்தது, ஐயா பழைய பழக்கத்தில் பூவரசங்குழையும் வேலி பிரித்த பனையோலையும் தாட்டு வைத்திருந்தார். ஆட்டுப்பட்டி வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டு ராஜமரியாதை. இரவில் காணியில் ஆட்டை அடைத்துவிடச் சொல்லி ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

அடுத்த வருஷம் மண்ணெண்ணெய். இரண்டாவது துண்டுக்கு மின்சாரம் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அங்கே இறைப்பு மெசின் ஓடுவது மண்ணெண்ணெயில், 2022 இல் முதலில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, வரிசையில் நின்று வெறும் கானோடு திரும்பிய நாட்கள் எத்தனையோ. ஆவணியில் கிடைக்கத் தொடங்கியது, லீற்றர் 87 ரூபாயாக இருந்தது 340 ரூபாயாக. அந்தத் துண்டில் அந்த முறை மரவள்ளி மட்டும் போட்டுவிட்டு விட்டோம். மரவள்ளி அதிகம் கேட்காது.

முழுக்க இயற்கை முறையில் செய்யலாமே?

இந்தக் கேள்வி எப்போதும் குளிரூட்டிய அறையிலிருந்துதான் வருகிறது. செய்யலாம், மெதுவாக, நாங்களும் அந்தப் பக்கம்தான் போகிறோம், வாழைக்கு யூரியா போடுவதைப் பாதியாகக் குறைத்துவிட்டோம். அதற்குக் காரணம் எங்கள் கிணறு. சுண்ணக்கல் எதையும் வடிகட்டாது, மேலே கொட்டுவது கீழே போகும். எங்கள் பகுதியான வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் உரத்திலிருந்து இறங்குகிற நைத்திரேற்று கூடிப்போய்விட்டது, கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் கூடாது. ஆனால் இதில் ஒரு விஷயத்தை ஒருவரும் சொல்வதில்லை. மாட்டெருவையும் அளவில்லாமல் கொட்டினால் அதே நைத்திரேற்று அதே கிணற்றுக்குத்தான் போகும். இயற்கை என்ற பெயருக்காகத் தண்ணீர் விலத்தி ஓடாது.

கூலிக்கு ஆள் கிடைக்குமா?

கஷ்டம். இளைஞர்கள் வெளிநாட்டுக்கோ வெளிநாட்டுக் காசுக்கோ காத்திருக்கிறார்கள். வெங்காயம் நட, கிண்ட, பிடி கட்ட ஐந்தாறு அக்காமார் வருகிறார்கள், எல்லோரும் ஐம்பது வயதுக்கு மேல். இவர்களுக்கு வழக்கமாக ஆண்களைவிடக் கூலி குறைவு. நடுவதில் அவர்களை வெல்ல ஒரு ஆம்பிளையும் இல்லை, இருந்தும் குறைவு. நான் நடுகைக்கு ஒரே கூலி கொடுக்கத் தொடங்கினேன். பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு பேர் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, ஆனால் எனக்கு ஆள் தட்டுப்பாடு குறைந்துவிட்டது.

மாடு வளர்ப்பது லாபமா?

இல்லை. பால் வீட்டுக்கு, சாணம் தோட்டத்துக்கு, பட்டிப்பொங்கலுக்கு மாலை போட ஒரு ஆள். கன்றை விற்பதா வைத்திருப்பதா என்று மூன்று மாதமாக வழக்கு நடக்கிறது, மகன் அதற்குப் பெயர் வைத்துவிட்டதால் நாங்கள் தோற்றுவிட்டோம் என்று நினைக்கிறேன். எங்கள் மாட்டைவிடத் தொல்லை ஊரில் திரிகிற கட்டாக்காலி மாடுகள். ஒரு இரவில் ஒரு பாத்தி பயற்றங்காய் முடிந்துவிடும். அதனால்தான் வருஷாவருஷம் கதியால் வெட்டி வேலி அடைப்பது. இப்போது மயிலும் வருகிறது, மயிலுக்கு வேலி அடைத்த ஆளை நான் இன்னும் காணவில்லை.

வீட்டுக்குள் யார் முடிவெடுப்பது?

கொப்பி ஐயாவிடம், காசு அம்மாவிடம், தொலைபேசி என்னிடம். இப்படிச் சொன்னால் ஒழுங்காக இருக்கிற மாதிரித் தெரியும். உண்மையில் ஐயாவும் நானும் வருஷத்துக்கு இரண்டு தரமாவது கதையில்லாமல் இருப்போம், அந்த நாட்களில் "மோட்டர் சூடாகுதாம்" என்று அம்மா நடுவில் நின்று செய்தி கடத்துவார். புகையிலையை விட்டதற்கு ஒருமுறை, சொட்டு நீர்க் குழாய் போட்டதற்கு ஒருமுறை. மிளகாய்க்கு அந்தக் குழாய் போட்டு ஒரு வருஷத்தில் துளைகள் வெள்ளையாக அடைத்துக்கொண்டன. எங்கள் கேத்தலுக்குள் படிகிற அதே சுண்ணாம்புதான். "நான் சொன்னன்" என்று ஐயா சொல்லவில்லை. ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு திண்ணையில் இருந்து ஒவ்வொரு துளையாகக் குத்தத் தொடங்கினார். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அப்படியே கதை வந்துவிட்டது.

யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது தோட்டம் என்ன ஆனது?

1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரையும் போல நாங்களும் தென்மராட்சிப் பக்கம் நடந்தோம். நான் சின்னப் பிள்ளை. கொட்டிலில் விதை வெங்காயம் பிடி பிடியாகத் தொங்கியது, ஐயா இரண்டு பிடியை மட்டும் கழற்றிச் சைக்கிளில் கொழுவினார். அம்மா அதற்கு இன்றைக்கும் பேசுவார், அந்த இடத்தில் இன்னொரு பானை அரிசி கொண்டுபோயிருக்கலாமாம். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது கொட்டிலே இல்லை, வாழைக்குட்டிகள் மட்டும் காடாக நின்றன. அந்த இரண்டு பிடி வெங்காயத்தையும் நாங்கள் அங்கேயே சமைத்துத் தின்றுவிட்டோம், அதனால் இதை வீரக்கதையாக எடுக்க வேண்டாம்.

நான் காணி வாங்கித் தோட்டம் செய்யலாமா? வெளிநாட்டில் இருக்கிறேன்.

வாங்க முதல் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, உறுதியில் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் வழியும் எழுதியிருக்கிறதா. வாய்ப்பேச்சில் "அதெல்லாம் பாவிக்கலாம்" என்பார்கள், ஆனியில் பாவிக்க விடமாட்டார்கள். இரண்டு, தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுத்தது, இன்றைக்கும் எங்கள் காணிகளில் உயிரோடு இருக்கிறது. பங்குக் காணியை ஒருவர் விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் வாங்கினால் பிறகு வழக்குக்கு வருவார்கள், எனவே உறுதி எழுதுகிற நல்ல நொத்தாரிசைப் பிடியுங்கள். மூன்று, வைகாசியில் வந்து கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். மார்கழியில் எல்லாக் கிணறும் இனிக்கும்.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் செய்யுங்கள், ஆனால் இங்கே இருந்து செய்யுங்கள். தொலைபேசியில் தோட்டம் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். கமெராவெல்லாம் பூட்டினார். கமெராவில் வெள்ளை ஈ தெரியாது.

பிள்ளைகள் தோட்டத்துக்கு வருவார்களா?

மகளுக்கு இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை (பதினோராம் வகுப்பு). தோட்டத்துக்கு வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள், அவள் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. மகனுக்கு மோட்டரும் லான்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு மெசின்) பிடிக்கும், புல்லுப் பிடுங்கப் பிடிக்காது. ஆனால் மகள்தான் போன மாதம் ஐயாவின் கொப்பிகளில் பத்து வருஷக் கணக்கைக் கணினியில் ஏற்றினாள். கூட்டிப் பார்த்துவிட்டு "அம்மா, வெங்காயத்தில நாங்கள் பத்து வருசத்தில நாலு வருசம்தான் உழைச்சிருக்கிறம்" என்றாள். ஐயாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். இந்த வருஷமும் 2 பரப்பு நட்டிருக்கிறோம்.

லீவே இல்லையா?

ஆடிப்பிறப்புக்கு அரைநாள், கொழுக்கட்டையும் கூழும். தைப்பொங்கல். நல்லூர்த் தேருக்கு விடியக் காலை போய் ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுவோம், கத்தரிக்குத் தேர் தெரியாது. 2017 இல் ஒருமுறை குடும்பமாகக் கண்டிக்குப் போனோம், இரண்டாம் நாள் இரவு வீட்டில் நின்ற ஐயா தொலைபேசி எடுத்து சோளகக் காற்றில் பதினெட்டு வாழை முறிந்துவிட்டது என்றார். நாங்கள் அங்கே நின்றிருந்தாலும் முறிந்துதான் இருக்கும். ஆனால் மூன்றாம் நாள் ஒருவருக்கும் பேராதனைப் பூந்தோட்டத்தில் மனம் நிற்கவில்லை, இவர் போய் அங்குள்ள மூங்கிலைத் தட்டிப் பார்த்து வாழைக்கு முட்டுக்கொடுக்க நல்லது என்றார்.

யாழ்ப்பாணம் வந்தால் தோட்டம் பார்க்கலாமா?

தாராளமாக. சப்பாத்து வேண்டாம், செம்மண் விடாது, பாட்டா செருப்போடு வாருங்கள். வரம்பில் மிதித்து நடக்கக் கூடாது, வாய்க்காலுக்குள்ளால் நடக்கலாம். காலை பத்து மணிக்குப் பிறகு வந்தால் கதைக்க நேரம் இருக்கும். திங்களும் வியாழனும் வேண்டாம், அன்றைக்குப் பங்குக் கிணற்று முறை. வெள்ளிக்கிழமை வந்தால் மச்சம் கிடையாது, கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும்தான். சொக்லேட் கொண்டுவர வேண்டாம், மூன்று பெட்டி கிடக்கிறது. அண்ணாவின் நண்பர்கள் யாராவது வருவதென்றால் நல்ல கத்தரிக்கோல் ஒன்று கொண்டு வாருங்கள், குலை கட்டுகிற கயிறு வெட்ட. இங்கே வாங்குவது இரண்டு மாதத்தில் மழுங்கிவிடுகிறது.